மூன்று மணி நேரப் பேச்சில் ஒரு சொல்லைத் தேடுவது

தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த என் பெரியப்பா பேசியதை மூன்று மணி நேரத்துக்குக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். குலதெய்வக் கோயில், நெல் விலை, அடித்து வளர்த்த வாத்தியார்கள், தம் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். இடையில் ஓரிடத்தில், 1992 நவம்பரில் ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் சொல்கிறார். அந்தச் சில நிமிடங்கள் எனக்குத் தேவைப்பட்டபோது, திரையில் ஓடும் கோட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்து ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன்; அந்த இடம் அகப்படவில்லை. இதே பேச்சு அச்சுப் புத்தகமாக இருந்திருந்தால் பக்கங்களைப் புரட்டியே கண்டுபிடித்திருக்கலாம். கணினியில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்திருந்தால் ஒரு நொடி போதும்.

ஒலிப்பதிவிலும் வீடியோவிலும் இப்படித் தேட முடியாமல் போவதற்குக் காரணம் எளியது. நாம் ஒலிப்பதிவைக் கேட்கும்போது சொற்களைக் கேட்கிறோம். ஆனால் கணினியின் கோப்புக்குள் ஒரு சொல்கூட இல்லை. அங்கே இருப்பவை எண்கள் மட்டுமே. பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் பெரும்பாலும், காற்றின் அதிர்வை நொடிக்கு 16,000 முறை அளந்து வைத்த எண்களையே எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பேச்சு என்பது 5 கோடியே 76 லட்சம் எண்கள். ‘வெள்ளம்’ என்று நாம் தேடுபெட்டியில் தட்டினால், அந்த எண்களில் எதனோடு அதை ஒப்பிடுவது என்று கணினிக்குத் தெரியாது. ஆகவேதான் நெடுங்காலமாக ஒலி, ஒளிப் பதிவுகளுக்கான தேடல் என்பது அவற்றின் தலைப்பிலும் குறிப்பிலும் யாரோ ஒருவர் எழுதி வைத்த சொற்களைத் தேடுவதாகவே இருந்தது. ‘பெரியப்பா பேச்சு, பாகம் 2’ என்று நான் பெயர் வைத்திருந்தால் அதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

மனிதர்களே கேட்டுக் குறிப்பெடுக்கும் வழி ஒன்று உண்டு. பெரிய அளவில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். நாஜிகளின் இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களை வீடியோவில் பதிவதற்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-இல் ஷோவா அறக்கட்டளையை நிறுவினார். சில ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 52,000 நேர்காணல்கள், 32 மொழிகளில், 1,16,000 மணி நேரம் சேர்ந்துவிட்டன. ஒருவர் ஊண் உறக்கமின்றி இரவு பகலாகக் கேட்டாலும் கேட்டு முடிக்க 13 ஆண்டுகளுக்கு மேலாகும். பயிற்சி பெற்றவர்கள் நேர்காணல்களைக் கேட்டு, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஊர், ஆண்டு, நிகழ்வு ஆகியவற்றுக்குக் குறிச்சொற்கள் இட்டார்கள். இதற்கான உழைப்பையும் செலவையும் பார்த்த பிறகுதான், இந்த வேலையில் இயந்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய 2001-இல் மலாக் என்ற திட்டம் தொடங்கியது. ஐபிஎம் நிறுவனமும் அமெரிக்காவிலும் செக் நாட்டிலும் உள்ள பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்து உழைத்தன. முதியவர்களின் தளர்ந்த குரல், தாய்மொழி அல்லாத மொழியில் பேசும்போது வரும் உச்சரிப்பு, நடுவே வரும் அழுகை, எந்த அகராதியிலும் இல்லாத சிற்றூர்ப் பெயர்கள் ஆகிய எல்லாமே அங்கே இடையூறாக வந்தன. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியப்பாவின் பேச்சிலும் இவை அனைத்தும் உண்டு.

இனி, இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில் அது ஒலியை ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது. ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு இடைவெளிக்கு ஒரு முறை, அந்தக் கணத்தில் தாழ்ந்த சுருதியில் எவ்வளவு ஆற்றல், உயர்ந்த சுருதியில் எவ்வளவு ஆற்றல் என்று அளந்து, ஒரு நெடுங்கோடாக வரைகிறது. இப்படிக் கோடுகளை அடுத்தடுத்து வைத்தால் ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் ஒலிப்படம் கிடைக்கும். அதில் ‘ச’ போன்ற உரசும் ஒலி மேற்பகுதியில் புகைபோலவும், ‘ஆ’ போன்ற உயிரொலி கிடைப்பட்டைகளாகவும் தெரியும். பழகிய கண்ணுக்கு இந்தப் படத்தைப் பார்த்தே சில ஒலிகளை அடையாளம் காண முடியும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற மாதிரி (பயிற்சியால் கற்றுக்கொள்ளும் மென்பொருளை இப்படிச் சொல்வார்கள்), பேச்சை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 3,000 நெடுங்கோடுகள் கொண்ட இத்தகைய படமாக்கி, அதைப் பார்த்து எழுத்தை எழுதுகிறது.

எழுதுகிறது என்பதைவிட ஊகிக்கிறது என்பதே சரி. இதுவரை எழுதியதையும் ஒலிப்படத்தையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து வரக்கூடிய எழுத்துத் துண்டு எதுவாக இருக்கும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கணிக்கிறது. இந்தக் கணிப்புத் திறன், எழுத்துவடிவத்தோடு கூடிய பேச்சுப் பதிவுகளை மலைபோலக் குவித்துப் பயிற்றுவதால் வருவது. விஸ்பரின் முதல் வெளியீட்டுக்கு இணையத்திலிருந்து திரட்டியது 6,80,000 மணி நேரப் பேச்சு. அதில் மிகப் பெரும் பங்கு ஆங்கிலம். ஆங்கிலமல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதக் கற்றுக்கொடுத்த பகுதி 1,17,000 மணி நேரம்தான். ஆங்கிலத்தில் ஏறக்குறையப் பிழையில்லாமல் எழுதும் அதே மென்பொருள் தமிழில் தடுமாறுவதற்கான காரணத்தை இங்கேயே பார்த்துவிடலாம். இந்தக் குறையை ஈடுசெய்யச் சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சைத் திரட்டி வருகிறது. 2024-இல் அது வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில் 7,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அதில் பெரும்பகுதி எழுதிவைத்து வாசித்ததாக இல்லாமல் மக்கள் இயல்பாகப் பேசியதாக இருப்பது முக்கியம் என்பேன். செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்கு டீக்கடைத் தமிழ் வேற்றுமொழிதான்.

எழுத்தாக்கியதோடு வேலை முடிவதில்லை. மூன்று மணி நேரப் பேச்சின் முழு எழுத்துப்படி கையில் இருந்தும், குறிப்பிட்ட சொல் பதிவின் எந்த இடத்தில் ஒலிக்கிறது என்று தெரியாவிட்டால் மறுபடியும் கோட்டை இழுக்கத்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொற்றொடருக்கும், முடிந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும், அது தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் சேர்த்து எழுதப்படுகின்றன. இந்த நேரக்குறிதான் ஒலித்தேடலின் உயிர் என்பது என் எண்ணம். எழுத்துப்படி பிழையாக இருந்தாலும் நேரக்குறி சரியாக இருந்தால், அந்த இடத்துக்குப் போய்க் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள முடியும். நேரக்குறி இல்லாத எழுத்துப்படியில் ஒரு சொல் தவறாகிவிட்டால் அதைச் சரிபார்க்கவும் எளிய வழியில்லை.

நேரக்குறியோடு கூடிய சொற்களைக் கொண்டு ஒரு சொல்லடைவு கட்டப்படுகிறது. பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் அரும்பதங்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் வரும் பக்கங்களைக் குறித்திருப்பார்கள் அல்லவா, அதுவேதான். பக்க எண்ணுக்குப் பதிலாக இங்கே எந்தக் கோப்பு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று இருக்கும். நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் கணினி ஒலியை ஓட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே கட்டிவைத்த இந்த அடைவைத்தான் புரட்டுகிறது. ஆயிரம் மணி நேரப் பதிவுகளில் தேடினாலும் விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வருவது இதனால்தான்.

பெரியப்பாவின் பேச்சை இப்படிப்பட்ட ஒரு மென்பொருளுக்குக் கொடுத்து, எழுத்துப்படி வந்தவுடன் ‘வெள்ளம்’ என்று தேடினேன். ஒன்றும் இல்லை என்றது. ‘ஆறு’ என்று தேடினால் எண் ஆறு, ஆறுமுகம், ஆறு மணி பஸ் எல்லாம் வந்தன. பிறகு ஏதோ தோன்றி ‘வெல்லம்’ என்று தட்டினேன். 2 மணி 7 நிமிடத்தில், “பாலத்துக்கு மேல வெல்லம் போயிட்டு” என்ற வரி வந்து நின்றது. அந்த ஐந்து நிமிடப் பகுதி முழுவதும் ஆற்றில் வெல்லம்தான் ஓடியிருக்கிறது.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பிழை அன்று இது. தமிழில் ஒலித்தேடல் எங்கே இடறும் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. ல, ள, ழ மூன்றையும் பேச்சில் பிரித்து ஒலிப்பவர்கள் குறைவு; தெற்கே ‘மழை’ ‘மள’ ஆகும். ர, ற இரண்டுக்கும் பேச்சில் பெரும்பாலோரிடம் வேறுபாடே இல்லை. எனவே சில தேடல் கருவிகள், ஒத்து ஒலிக்கும் இந்த எழுத்துகளை ஒரே எழுத்தாகக் கருதி ஒலிவழி அடைவு ஒன்றையும் தனியே கட்டிவைக்கின்றன. அந்த அடைவில் வெள்ளமும் வெல்லமும் ஒரே பெட்டியில் இருக்கும். விலை என்னவென்றால், ‘பள்ளி’யைத் தேடும்போது பல்லியும் சேர்ந்து வரும். இரண்டு தீமைகளில் இதையே நான் தேர்ந்தெடுப்பேன். வேண்டாத விடையை ஒதுக்கிவிடலாம், வராத விடையை என்ன செய்வது?

அடுத்தது விகுதிகள். ‘பாலம்’ என்ற சொல் பேச்சில் தனியாக மட்டும் வருவதில்லை; பாலத்தில், பாலத்துக்கு, பாலத்தை, பாலத்தோட என்றும் வரும். சொல்லின் முன்பகுதியை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று நினைத்துப் ‘பால’ என்று தேடினால், பாலும் பாலாவும் பாலுச்சாமியும் வந்து விழுவார்கள். ஆகவே தமிழுக்கான நல்ல தேடல் கருவி, சொற்களைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்க்கும் இலக்கணத்தைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும். இதோடு பேச்சு வழக்கும் சேர்கிறது. ‘வந்துவிட்டது’ என்று நாம் எழுதுவதைப் பெரியப்பா ‘வந்துட்டு’ என்பார், சென்னைக்காரர் ‘வந்துடுச்சு’ என்பார். சில மாதிரிகள் கேட்டதைக் கேட்டபடி எழுதுகின்றன. சில, பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தியே எழுதிவிடுகின்றன. தேடலுக்குப் பின்னது வசதி. வட்டார வழக்கைப் பாதுகாக்க நினைப்பவருக்கோ அது இழப்பு. வாய்ப்பிருந்தால் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்வது நல்லது. ‘பஸ்’ போன்ற சொற்களை ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் வேறோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதிவைக்கும் வழக்கமும் மென்பொருள்களுக்கு உண்டு. அதற்கு இரண்டையும் ஒன்றென அடைவில் இணைத்துவிட்டால் போதும்.

இவ்வளவு பிழைகளோடு தேடல் எப்படிப் பயன்படும் என்ற ஐயம் எழலாம். பயன்படும் என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே சோதித்து அறிந்த உண்மை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1997 முதல் 2000 வரை, வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளின் பதிவுகளில் தேடுவதற்கான ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தியது. இயந்திரம் எழுதிய எழுத்துப்படியில் கணிசமான சொற்கள் தவறாக இருந்தபோதும், தேவையான பகுதியைக் கண்டுபிடிக்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை என்பதே அந்தச் சோதனைகளின் முடிவு. காரணத்தை யோசித்தால் விளங்கும். வெள்ளத்தைப் பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் தண்ணீர், கரை, பாலம், மழை, அணை என்று அதைச் சார்ந்த சொற்கள் இருபது முப்பது தடவை வந்துபோகும். பாதி தவறினாலும் மீதி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பெயர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓர் ஊரின் பெயரோ ஒருவரின் பட்டப்பெயரோ பேச்சில் ஒரே ஒரு தடவைதான் வரும்; அதுவும் பயிற்சியில் இயந்திரம் கேட்டே இராத பெயராக இருக்கும். தனக்குப் பழகிய சொற்களில் எது அதற்கு நெருக்கமோ அதை எழுதிவிட்டு அது நகர்ந்துவிடும். என் பதிவில் சீவலப்பேரி ‘சிவா பேரு’ ஆகியிருந்தது. நாம் அதிகம் தேடுவதோ பெயர்களைத்தான். மலாக் திட்டத்தில் பணிபுரிந்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. வாக்குமூலங்களைத் தேடி வருபவர்கள் ஆட்களின் பெயரையும் ஊர்ப்பெயரையும் அடிக்கடி கேட்டார்கள்.

சொல்லைத் தேடாமல் பொருளைத் தேடும் முறை ஒன்றும் இப்போது பரவலாகிவிட்டது. இதில் ஒவ்வொரு பகுதியையும் மாதிரி ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. அதை எம்பெடிங் என்பார்கள். வரைபடத்தில் ஓர் ஊருக்கு இரண்டு எண்களால் இடம் குறிப்பதுபோல, ஒரு கருத்துக்குச் சில நூறு எண்களால் இடம் குறிப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒத்த பொருளுடைய பேச்சுகள் அந்த வரைபடத்தில் அருகருகே அமையும்படி பயிற்சி தரப்பட்டிருக்கும். நாம் தட்டும் கேள்வியும் அதேபோல ஓர் இடமாக மாற, அதற்கு அண்டையில் உள்ள பகுதிகள் விடையாக வரும். ‘வெள்ளச் சேதம்’ என்று நான் தேடியபோது, வெள்ளம் என்ற சொல்லே இல்லாத, “விடியக்காலம் பாத்தா தொழுவத்துல ஒரு மாடு இல்ல” என்ற வரி வந்தது. சொல்லடைவால் இதைச் செய்திருக்கவே முடியாது. அதே வேளையில், தேதி, பெயர், வண்டி எண் போன்ற குறிப்பான ஒன்றைத் தேடும்போது பொருள்வழித் தேடல் வழவழவென்று எதையெதையோ கொண்டுவரும். ஆகவே நல்ல கருவிகள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

வீடியோவுக்கும் அடிப்படை இதுவே. அதில் பேச்சோடு படமும் இருப்பதால், காட்சி மாறும் இடங்களிலோ சில நொடிகளுக்கு ஒரு முறையோ ஒரு படத்தைப் பிடித்து ஆராய்வார்கள். படத்தில் தெரியும் பெயர்ப்பலகை, கரும்பலகை, திரையில் ஓடும் செய்தி வரி ஆகியவற்றின் எழுத்துகளை ஒரு மென்பொருள் படித்து அடைவில் சேர்க்கும். பேச்சில் தவறிப்போன ஊர்ப்பெயர் பேருந்தின் நெற்றிப் பலகையிலிருந்து கிடைத்துவிடுவதும் உண்டு. எழுத்தே இல்லாத காட்சிக்கு, ஓப்பன்ஏஐ 2021 ஜனவரியில் அறிவித்த கிளிப் போன்ற மாதிரிகள் உதவுகின்றன. 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இணையத்தில் இருந்த விவரிப்பு வரிகளையும் இணை இணையாகக் காட்டிப் பயிற்றியதால், அது படத்தையும் சொல்லையும் ஒரே வரைபடத்தில் வைக்கிறது. ‘குடையோடு நிற்கும் பெண்’ என்று எழுதினால் அப்படிப்பட்ட காட்சி வரும் நொடி கிடைக்கும். யாரும் அதற்குக் குறிச்சொல் இட்டிருக்கத் தேவையில்லை. பேச்சு, படம், எழுத்து மூன்றையும் இணைத்துத் தேடும் எண்ணம் புதிதன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இன்ஃபர்மீடியா திட்டம் 1994-லேயே இதைத் தொடங்கிவிட்டது. கருவிகள்தான் இப்போது கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கின்றன.

ஒரு பாட்டின் சில நொடிகளைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷசாம் போன்ற செயலிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை சொற்களைப் புரிந்துகொள்வதில்லை. ஒலிப்படத்தில் உச்சத்தில் நிற்கும் புள்ளிகளின் அமைப்பைக் கைரேகைபோலப் பதிந்து ஒப்பிடுகின்றன. அதே பதிவுதான் பொருந்துமே தவிர, அதே பாட்டை நீங்கள் மேடையில் பாடினால் பொருந்தாது.

தொடங்க விரும்புபவர், யூடியூபில் வசனவரிகள் உள்ள வீடியோ ஒன்றின் எழுத்துப்படியைத் திறந்து, அதில் ஒரு வரியைச் சொடுக்கிப் பார்த்தாலே நேரக்குறியின் பயன் புரிந்துவிடும். சொந்தப் பதிவுகளுக்கு விஸ்பர் போன்ற இலவச மாதிரிகளைத் தம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சு வெளியே போகாமலிருக்க இதுவே நல்ல வழி. ஒலிவாங்கியைப் பேசுபவருக்கு அருகில் வைப்பதும் மின்விசிறியை நிறுத்துவதும் எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும். நீண்ட மௌனங்களில் மட்டும் விழிப்பு தேவை. பேச்சே இல்லாத இடத்தில், யாரும் சொல்லாத நன்றியுரையையோ முந்தைய வரியின் எதிரொலியையோ இத்தகைய மாதிரிகள் தாமாகவே எழுதிவைப்பதுண்டு. காதால் கேட்டு உறுதிசெய்யாத எந்த வரியையும் மேற்கோளாக எடுத்தாளக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் பெரியப்பா ஒரு வரப்புத் தகராறைப் பற்றி, இன்றும் அதே தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லித் திட்டுகிறார். கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும் என்பதால் சொன்னது அது. தேட முடியாத வரைக்கும் அது பேச்சுக்குள் புதைந்து கிடந்தது. அடைவு கட்டிய பிறகு அந்தக் குடும்பப் பெயரைத் தட்டினால் முதல் விடையே அதுதான். பதிவைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டேன்.

பெயர்ச் சிக்கலுக்குப் பாதி மருந்து ஒன்று உண்டு. பேச்சில் வரக்கூடிய பெயர்களின் சிறு பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால், பல மாதிரிகள் ஊகிக்கும்போது அவற்றின் பக்கம் சாயும். சுற்று வட்டாரத்து ஊர்ப்பெயர்களையும் குடும்பத்தாரின் பெயர்களையும், கூடவே ‘வெள்ளம்’ என்ற சொல்லையும் எழுதிக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். சீவலப்பேரி சரியாக வந்தது. ஆற்றில் வெல்லம் ஓடுவதும் நின்றது. வெள்ளத்தன்று கயிறு கட்டி ஆட்களை இக்கரைக்குக் கொண்டுவந்த ஒருவரின் பட்டப்பெயரை மட்டும் மென்பொருள் மூன்று தடவை மூன்று விதமாக எழுதியது. நானும் அந்த நொடிக்குப் போய் ஐந்தாறு தடவை கேட்டேன், பிடிபடவில்லை. பெரியம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார்.